போண்டாவின் பெட்டியில் பதினெட்டு ஓட்டைகள்

இடது பக்கம் முப்பத்தொன்று புள்ளி ஆறு, வலது பக்கம் இருபத்தைந்து புள்ளி இரண்டு, மணி ஒன்பதே கால், பதினொரு மணிக்கு மகள் பிரசாந்தி வந்துவிடுவாள், அதுவரை நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது. அது மட்டும் இந்த மனுஷனுக்கு வராது என்று என் மனைவி விசாலம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு, பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு தெர்மாமீட்டர்களையும் மாறி மாறிப் பார்க்கிறேன். பெட்டிக்குள் இன்னும் யாரும் குடிவரவில்லை. நாலடி நீளம், இரண்டடி அகலம், நானே அறுத்து நானே பூட்டிய பிளைவுட், மூன்று வாரம் வெயிலிலும் காற்றிலும் வைத்து வார்னிஷ் வாசனை போன பிறகும் தினமும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன், விசாலம் பக்கத்து வீட்டு டீச்சரிடம் எங்க வீட்டுக்காரர் பெட்டிக்குள்ளேயே குடிபோய்விடுவார் போலிருக்கிறது என்றாளாம். முப்பத்தொன்று புள்ளி ஐந்து. ஒரு புள்ளிதான், குறையட்டும், குறைந்தால் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும், அதற்குத்தானே அதை வாங்கியது, டிக் என்று ஒரு சத்தம் வரும், பீங்கான் பல்பு சூடாகும், வெளிச்சம் வராது, சூடு மட்டும் வரும். டிக். வந்துவிட்டது. இந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இத்தனை சந்தோஷம் வரும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போண்டா என்பது பாம்பு. வந்தவர்கள் எல்லாரும் முதலில் தட்டை எதிர்பார்க்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காப் பக்கத்து மலைப்பாம்பு ஜாதி, ஆனால் நாலடிக்கு மேல் போகாது, விஷம் கிடையாது, பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும், அப்படிச் சுருண்டதைப் பார்த்துத்தான் பிரசாந்தி அந்தப் பெயரை வைத்தாள். வனத்துறையில் பதிந்த காகிதம், டாக்டர் காகிதம் எல்லாம் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறாள், அவளுடைய சொந்த மார்க்‌ஷீட்டை அத்தனை பத்திரமாக வைத்தவள் இல்லை. கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட், அங்கே இருக்கிற சூட்டுக்குப் போண்டாவுக்குப் பெரிய ஏற்பாடு தேவைப்படவில்லை. இப்போது எட்டு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனி போகிறாள். போண்டாவை எங்கே விடுவது? பெங்களூரில் ஒருத்தர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் அவரிடம் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பி வராது. நான்தான் போனில் கேட்டேன், நம்ம வீட்டில் விட்டுட்டுப் போயேன் சாமி என்று. மெதுவாகச் சொன்னாள், "கோத்தகிரி குளிருப்பா." அது மட்டும் காரணம் இல்லை என்று அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "பெட்டி ரெடி பண்ணுங்க. வெள்ளிக்கிழமை போண்டாவோட வர்றேன். பாத்துட்டுச் சொல்றேன்." பாத்துட்டுச் சொல்றேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வாரே, அந்தக் குரல். என் மகள், நான் தோளில் தூக்கி நடந்த பிள்ளை, என்னைப் பாத்துட்டுச் சொல்லப் போகிறாள், சொல்லட்டும், சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஏனென்றால் ஒரு தடவை அதைக் கொல்லப் பார்த்தவன் நான். வேண்டும் என்றா செய்தேன், ஆசையாகத்தான் செய்தேன், அதுதான் தொல்லை. இரண்டு வருஷம் முன்னால் மார்கழியில் லீவுக்குப் போண்டாவையும் பெட்டியையும் கொண்டுவந்தாள், கடையில் வாங்கிய பெட்டி, அடியில் சூடு தரும் விரிப்பு, சுற்றிலும் காற்றுப் போக இடைவெளி. எனக்கு அந்த இடைவெளியைப் பார்த்ததுமே மனசு கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு கோல்ட் ஸ்டோரேஜில் ஆபரேட்டராக இருந்தவன் நான், கதவோரத்தில் ஒரு நூல் சந்து இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சந்து என்றால் எங்கள் தொழிலில் திருட்டு, உள்ளே இருப்பது வெளியே போகிறது, யாரோ வாயைப் பிளந்துகொண்டு காவல் காக்கிறான் என்று அர்த்தம். பிரசாந்தி தோழி கல்யாணத்துக்காக நாலு நாள் ஈரோடு போனாள். போண்டா குளிரில் கிடக்கிறதே என்று அலுமினிய டேப்பை எடுத்து, ஸ்பாஞ்சை வெட்டி, ஒரு இடைவெளி விடாமல் அடைத்தேன். என்ன நேர்த்தி! மூலையில் டேப்பை மடித்த அழகைப் பார்க்க விசாலத்தைக் கூப்பிட்டேன், அவளும் வந்து நல்லாத்தான் இருக்குதுங்க என்றாள், ஒரு தவறுக்கு இரண்டு சாட்சி. சூடு கொஞ்சம்கூடக் குறையவில்லை, நான் மீசையை முறுக்கினேன். கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழிந்ததை, வெந்நீர் ரூம் மாதிரி கதகதப்பாக இருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது போண்டா, மூக்கில் சின்னச் சின்னக் குமிழி. நுரையீரலில் சளி. முப்பது நாள் ஊசி. பிழைத்துக்கொண்டது, அது போன ஜென்மத்தில் செய்த புண்ணியமோ நான் செய்ததோ. பிரசாந்தி கத்தவில்லை, கத்தியிருக்கலாம். டேப்பை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே சொன்னாள், "உங்களுக்கு எல்லாத்தையும் அடைச்சாத்தாம்ப்பா நிம்மதி." நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும்தான் உள்ளே வைத்து அடைத்துவிட்டேன்.

இருபத்தைந்து புள்ளி இரண்டு, முப்பத்தொன்று புள்ளி ஏழு, அழகு. பாம்புக்கு ஒரே சூடு போதாது என்பதே எனக்கு இந்த மூன்று மாதத்தில்தான் தெரியும். நம்மைப் போல அதற்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, குளிர்ந்தால் சூட்டுப் பக்கம் நகரும், போதும் என்றால் இந்தப் பக்கம் வந்துவிடும், அதனால் பெட்டியில் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு கவிழ்த்த சட்டி, ஆளுக்கொரு என்ன, ஆள் ஒன்றுதானே. பல்பைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு, போண்டா போய்ச் சுற்றிக்கொண்டு வெந்துவிடக்கூடாது. தண்ணீர்க் கிண்ணம் வயருக்கு எதிர்மூலையில். வயர் வெளியே வந்து ஒரு முறை கீழே தொங்கிவிட்டு அப்புறம்தான் பிளக்குக்கு ஏறுகிறது, தண்ணீர் வழிந்தாலும் பிளக்குக்குப் போகாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர், போன ஞாயிறு மெயினை அணைத்துச் சோதனை பண்ணினேன், விசாலம் அப்போது கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள், அந்தச் சோதனையைப் பற்றி இனி நான் பேசுவதற்கில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம் சென்சார், உள்ளே எத்தனை சூடு என்று தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்கிற முனை. அதை இரண்டு கிளிப் போட்டு இறுக்கி ஐம்பது தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன். கோல்ட் ஸ்டோரேஜில் ஒரு தடவை மூட்டை இறக்கிய ஆள் தெரியாமல் சென்சாரை இழுத்து வெளி வராந்தாவில் தொங்கவிட்டுப் போய்விட்டான், மெஷின் வராந்தா வெயிலைப் பார்த்து ஐயோ சூடு சூடு என்று நாள் பூரா ஓடியது, உள்ளே கிழங்கு அத்தனையும் கல்லாகி, பிறகு கறுத்து ஒழுகியது. சென்சார் எங்கே இருக்கிறதோ அதுதான் அதற்கு உலகம். இங்கே அது கழன்று வெளியே விழுந்தால்? கோத்தகிரிக் குளிரைப் பார்த்துக்கொண்டு பல்பு நிற்காமல் எரியும், உள்ளே போண்டா, வேண்டாம், அந்த நினைப்பே வேண்டாம். கண்ணாடியைத் தள்ளி ஐம்பத்தோராவது தடவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"கையைத் தொடைக்கு அடியிலதான வெச்சிருந்தீங்க?" விசாலம் காபியோடு நிற்கிறாள். ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ், முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது அவளுக்குப் பழக்கம். "சும்மா தொட்டுப் பாத்தேன்." "தொடுங்க. ஓட்டையை மட்டும் தொட்டுறாதீங்க." ஓட்டை. பதினெட்டு ஓட்டை. குளிர்ந்த பக்கம் கீழே ஒன்பது, சூட்டுப் பக்கம் மேலே ஒன்பது, கீழே நுழைகிற காற்று சூடேறி மேலே போய்விடும், ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் துருப்பிடிக்காத வலை. நானே டிரில் போட்டேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தடவை கண்ணை மூடினேன். நல்ல பலகையில், ஒரு மயிரிழை விலகாமல் பொருத்திய பலகையில், நானே ஓட்டை போடுவது என்றால் சும்மாவா. நாலாவது ஓட்டைக்கு அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எங்கள் கிடங்கில் வெள்ளிக்கிழமைக் காலையில் மெஷின் ரூம் பிள்ளையாருக்கு ஊதுபத்தி காட்டுவோம், காட்டிவிட்டு அதே பத்தியோடு நேரே என் நாலாம் நம்பர் அறைக்குப் போய்க் கதவைச் சுற்றி ஓரமாகக் காட்டுவேன். புகை ஆடாமல் நேரே மேலே போனால் சந்து இல்லை, பிள்ளையாரும் திருப்தி நானும் திருப்தி. லேசாக உள்ளே வளைந்தால் போச்சு, ரப்பரைக் கழற்றி மாற்றும் வரை யாரோடும் பேச மாட்டேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கும், அறை நாலு, பொறுப்பு ராமலிங்கம் என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். அந்தச் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே முப்பத்தொரு வருஷம் உள்ளே போய் வந்தேன். ரிட்டையரான அன்று மாலை போட்டு, பூச்செண்டும் ஐஸ்கிரீம் வைக்கிற பழைய குளிர்பெட்டி ஒன்றும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், நான் வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன், ஒரு பையன் ஈரத்துணியால் என் பெயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வேலையை அவன் செய்தான், ஆனாலும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அந்த ஐஸ்கிரீம் பெட்டியை ரிப்பேர் பார்த்து வைத்திருக்கிறேன், போண்டாவின் உறைந்த எலிகளுக்கு. "மாவுச் சட்டிக்குப் பக்கத்துல எலியை வெச்சீங்கன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்று விசாலம் முதலிலேயே சட்டம் போட்டுவிட்டாள்.

முப்பது புள்ளி ஒன்பது. இது எப்போது? இப்போதுதானே முப்பத்தொன்று ஏழு. மணி பத்து. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, எங்கள் ஊரில் மஞ்சு, இறங்கிவிட்டது, எதிர் வீட்டு சில்வர் ஓக் மரம் பாதி காணோம், காற்றும் சேர்ந்துகொண்டது. முப்பது புள்ளி ஐந்து. பல்பு எரிகிறது, டிக் கேட்கவில்லை, நிற்காமல் எரிகிறது, ஆனாலும் இறங்குகிறது. வலது பக்கம் இருபத்து நாலு. போன் அடிக்கிறது, பிரசாந்தி. "குஞ்சப்பனை தாண்டிட்டேம்ப்பா. மஞ்சா இருக்குது, மெதுவா வர்றேன். பெட்டி எப்படி இருக்குது?" "ஜம்முன்னு இருக்குது சாமி." பொய் சொல்லும்போது என் குரல் ஒரு சுதி ஏறும், அவளுக்குத் தெரியும். முப்பது புள்ளி இரண்டு. ஓட்டைதான். வேறு என்ன, பதினெட்டு ஓட்டையைப் போட்டுவிட்டுச் சூடு நிற்கவில்லை என்றால் எப்படி நிற்கும், கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி திறந்து வைத்துவிட்டு. எல்லாம் வேண்டாம், கீழே ஒன்பதில் நாலு மட்டும், அவள் வரும் நேரத்துக்கு மட்டும், அவள் பார்த்துவிட்டுப் போனதும் எடுத்துவிடலாம், நாலு ஓட்டையில் என்ன ஆகிவிடும், அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தேனோ, இல்லை, அன்றைக்கு எல்லாவற்றையும் அடைத்தேன், இன்றைக்கு நாலு. டேப்பை விசாலம் ஒளித்து வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்கு முதல் நாளே தெரியும். எழுந்து போய் அரிசி டிரம்மில் முழங்கை வரை கையை விட்டேன். "அரிசில என்ன தேடறீங்க?" சமையலறைக் குரல். "கல்லு கில்லு இருக்குதான்னு பாத்தேன்." "இருக்கும். வட்டமா, நடுவுல ஓட்டையோட ஒரு கல்லு."

டேப் கைக்கு வந்துவிட்டது. சர்ரென்று நாலு விரல் நீளம் கிழித்தேன். அந்தச் சத்தம், ஐயா, அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக நேர்த்தியாகிவிடுகிறது. பெட்டிக்கு முன்னால் குந்தினேன். கீழ் வரிசையில் காற்று உள்ளே போவது விரலில் தெரிகிறது, சில்லென்று, மெலிதாக. ஒட்டிவிடு. ஒட்டுவதற்கு முன்னால் மேல் வரிசையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று புறங்கையை அங்கே வைத்தேன். சூடு. லேசாக, விட்டு விட்டு, கையில் வந்து படுகிறது. எனக்கு அப்படியே கை நின்றுவிட்டது. பிரசாந்தி பிறந்து பதினைந்து நாள் ஆனபோது, சேலைத் தொட்டில் ஏணையில் அசையாமல் தூங்குவாள், நான் ஷிப்டு முடிந்து வந்து கை காலைக் கழுவிவிட்டு முதல் வேலையாக அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன், அதே சூடு, அதே அளவு. முப்பத்தொரு வருஷம் குளிரில் தூங்குகிற கிழங்கைக் காத்தவனுக்கு, வெளியே வருகிற காற்றெல்லாம் திருட்டாகத் தெரிந்திருக்கிறது. மூச்சு விடுகிறதடா, பெட்டி மூச்சு விடுகிறது, இதையா மூடப் போனாய்? கால் மரத்துப்போய் எழுந்திருக்கப் பார்த்தேன், சாய்ந்தேன், பிடிக்க ஒன்றும் இல்லாமல் பெட்டிக்குப் பின்னால் சுவரில் கையை ஊன்றினேன். ஐஸ்! வெளிச்சுவர். மஞ்சுக் காற்று முழுக்க அந்தச் சுவரில்தான் அடிக்கிறது, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது பெட்டி, சூடு அத்தனையும் சுவர் குடிக்கிறது. வெளிச்சுவரை ஒட்டி மூட்டை அடுக்கினால் லோடுமேனைத் திட்டுவேனே நான், ஹாலில் சோபாவிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று நானே கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன், என்னை யார் திட்டுவது? "விசாலம்! ஓடி வா, ஒரு கை பிடி!"

ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து, அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், சமையலறைக்கு முதுகு காட்டும் உள்சுவருக்குப் பெட்டியை நகர்த்தினோம். அந்தப் பக்கம் அடுப்பு, காலையிலிருந்து எரிந்து சுவரே வெதுவெதுப்பாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தேன், சந்து விட்டு வைத்தேன், நானே. கிண்ணத்தை உள்ளே வைத்து, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன். விசாலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், "மூணு மாசமா யோசிச்சு வெச்ச இடம்னீங்க." "நாலாவது மாசம் புத்தி வந்துருச்சு." சிரித்தாள், அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன், இரண்டு பேரும் காலியான ஒரு பாம்புப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். இருபத்தொன்பது எட்டு. முப்பது நாலு. முப்பத்தொன்று. ஸ்கூல் ரிசல்ட் பார்க்கிற மாதிரி விசாலமும் என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். முப்பத்தொன்று ஆறு. டிக். அணைந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் டிக். நிற்கிறது விசாலம், சூடு நிற்கிறது, ஓட்டை அத்தனையும் திறந்திருக்க நிற்கிறது! கண் நிறைந்துவிட்டது எனக்கு, துடைப்பதற்குள் வாசலில் ஹாரன்.

மார்போடு ஒரு தெர்மோகோல் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள் பிரசாந்தி, மூடியில் பென்சிலால் குத்திய ஓட்டைகள். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவள் முகம் சட்டென்று மாறியது. என் சட்டைக் கையைப் பார்க்கிறாள். குனிந்து பார்த்தேன். கிழித்த டேப், நாலு விரல் நீளம், பளபளவென்று என் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "என்னப்பா அது?" அவள் தெர்மோகோல் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு நேரே போய் முட்டி போட்டாள். கீழ் வரிசையில் ஒவ்வொரு ஓட்டையாகச் சுண்டுவிரலை வைத்தாள், உதடு எண்ணிக்கொண்டே போகிறது. ஒன்பது. எழுந்து மேல் வரிசை. ஒன்பது. தெர்மாமீட்டரைப் பார்த்தாள், சென்சாரை இழுத்தாள், வரவில்லை. திரும்பவில்லை. நான் பூஜை அலமாரிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, விசாலம் ஏற்றிய ஊதுபத்தி பாதிக்கு மேல் மிச்சம். அதை எடுத்துவந்து கீழ் வரிசைக்கு முன்னால் பிடித்தேன். புகை நேரே எழுந்தது, ஒரு விநாடி யோசித்தது, வளைந்தது, ஓட்டைக்குள் போனது. கண்ணாடிக்குள் ஒரு நூல் போல மிதந்து, சூட்டுப் பக்கம் ஏறி, மேல் ஓட்டை வழியாக வெளியே வந்தது. "இந்தப் புகை வளைஞ்சா நான் சோறு திங்க மாட்டேன் சாமி, உனக்குத் தெரியும்ல?" என்றேன். "இன்னைக்கு வளையணும் வளையணும்னு சாமி கும்பிட்டேன்." அப்புறம் அதுவும் வந்துவிட்டது, இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது, "அன்னைக்கு நான் அடைச்சது தப்பு கண்ணு. அப்பவே சொல்லியிருக்கோணும்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் தெர்மோகோல் மூடியில் கை வைத்தாள். "இரு, இரு," என்று நான் பதறினேன், "கண்ணாடிக் கதவைத் திறந்து விடறேன், புகை பூராவும் போகட்டும், அரை மணி நேரம் கழிச்சு விடலாம். போண்டா நெஞ்சுக்கு ஆகாது." இப்போது திரும்பினாள். "நீங்களா சொல்றீங்க?" கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக நிற்கிறாள் என் மகள்.

வாசலில் விசாலத்தின் குரல் எழுந்தது. "ஏண்டி, வண்டி பூரா பாம்புச் சாமானா இருக்குது! மரக்கிளை, எலி டப்பா, எட்டு மாசத்துக்குச் சாப்பாட்டு அட்டவணை வேற. பாத்துட்டுச் சொல்றேன்னுதான சொன்ன?" பிரசாந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பெங்களூர்க்காரர் கிட்ட போன வாரமே வேண்டாம்னு சொல்லிட்டேம்ப்பா." திருட்டுக் கழுதை. வாய்விட்டே சொன்னேன். அரை மணி நேரமும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தெர்மோகோல் பெட்டிக்குள்ளிருந்து போண்டா கிடந்த துணிப்பையை எடுத்து என் கையில் கொடுத்து நீங்களே விடுங்க என்றாள். போண்டா பையிலிருந்து நாக்கை நீட்டிக்கொண்டு வந்து, என் மணிக்கட்டைச் சுற்றி ஒரு நிமிஷம் தங்கி, பாரமாக, மெதுவாக, வெயில் பக்கச் சட்டிக்குள் போய்ச் சுருண்டது. டிக். பிரசாந்தி என் சட்டைக் கையிலிருந்த டேப்பை உரித்தாள். பெட்டியின் வெளிப்பக்கம், கண்ணாடிக்கு மேலே, ஓட்டைகளுக்கு எட்டாத இடத்தில் அதை நீவி ஒட்டினாள். மூலையை மடித்த விதம் அசல் என் கை. தன் கைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினாள், அறை ஒன்று, பொறுப்பு அப்பா. "சாக்பீஸ் இல்லீங்கப்பா, அழியாது" என்றாள்.